சட்டத்தில் ஒரு சொல்: இறால் பண்ணை வழக்கு சொல்லும் பாடம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நம்ம குழுவில் "அவசரத் தேவைக்கு உடனே கடன்" என்று தீர்மானம் இருக்கு. ஒரு அக்கா வந்து, "மகளுக்கு நகை வாங்கணும், எனக்கு அவசரம்தான்" என்றால் என்ன செய்வோம்? அந்தத் தீர்மானத்தை எதுக்காகப் போட்டோம் என்று யோசிப்போம். நோய் நொடிக்குத்தானே போட்டோம்! நீதிமன்றமும் பல நேரம் சட்டத்தை இப்படித்தான் படிக்கிறது.

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கரையோரம் வாழும் நமக்குத் தெரிய வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. 1991 பிப்ரவரி 19-இல் மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வெளியிட்டது. அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் புதிய தொழிற்சாலை கூடாது. கடற்கரை "நேரடியாகத் தேவைப்படும்" தொழிலுக்கு மட்டும் விலக்கு.

அப்போதுதான் இறால் பண்ணைகள் பெருகின. குடிக்கிற கிணறு உப்பாச்சு. மீனவர் கடலுக்குப் போகும் பாதை அடைபட்டது. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். "இறாலுக்குக் கடல் தண்ணி வேணும். அப்போ எங்களுக்கும் கரை நேரடித் தேவைதானே?" என்பது பண்ணைக்காரர்கள் வாதம்.

சொல்லை மட்டும் பார்த்தால் சரி மாதிரிதான் தோணும். ஆனால் 1996 டிசம்பர் 11-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அறிவிக்கை வந்ததே கரையைக் காப்பாற்ற. கரையைக் கெடுக்கிற தொழிலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றது. பாரம்பரிய முறைப் பண்ணைகளை மட்டும் விட்டுவைத்தது.

கதை அதோடு முடியலை. 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்த அறிவிக்கையின் தடை கடலோர இறால் வளர்ப்புக்கு 1991-லிருந்தே பொருந்தாது என்று எழுதிவிட்டது. சொல்லுக்குப் பொருள் சொல்வது நீதிமன்றம். சொல்லையே மாற்றுவது நாடாளுமன்றம். அதனால் பழைய தீர்ப்பை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. இன்றைய சட்டம் என்ன என்று கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

இன்னொன்று. அந்த வழக்கில் விஞ்ஞானிகள் நேரில் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கைகள் பெரிதும் உதவின. நாமும் மனு எழுதும்போது "பாதிப்பு" என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், எந்தக் கிணறு, எந்த மாசத்திலிருந்து உப்பு, எந்தப் பாதை அடைப்பு என்று எழுதணும். கிராம சபையில் தீர்மானமாகவும் பதியணும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தனியாகப் போகாமல் குழுவாகப் போங்கள்.