எந்தப் புத்தகத்தை நம்புவது?



இன்ஜினியர் மேடையேறிக் கதை சொல்கிறானே என்று பார்க்காதீர்கள். இந்தக் கதைக்குள் ஒரு வழக்கு இருக்கிறது; அதில் நம்ம தொழிலுக்கும் பங்கு உண்டு.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படம் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டோல்கீன் எழுதி 1954, 55-இல் வெளிவந்த நாவல் அது. அந்த உலகத்தின் பழைய வரலாற்றை அவர் வாழ்நாள் முழுக்க எழுதினார், திருத்தினார், முடிக்கவில்லை. 1973-இல் காலமானார். மகன் கிறிஸ்டோபர் அந்தக் கையெழுத்துப் பிரதிகளை ஒரே கதையாகத் தொகுத்து 1977-இல் 'சில்மரில்லியன்' என்று வெளியிட்டார். பிறகு 1983 முதல் 1996 வரை, மூலப் பிரதிகளையே 12 தொகுதிகளாக அச்சில் கொண்டுவந்தார்.

அங்கேதான் ரசிகர்களுக்குள் சண்டை ஆரம்பம். "ஆசிரியர் உயிரோடிருக்கும்போது அச்சிட்டதுதான் செல்லும்" என்பது ஒரு கட்சி. "1977 புத்தகமே முடிவு" என்பது இன்னொன்று. "கடைசியாக எதை எழுதினாரோ அதுதான்" என்பது மூன்றாவது.

ஓர் உதாரணம். கில்-கலாட் என்று ஓர் எல்ஃப் அரசன். அவனுக்கு அப்பா யார்? 1977 புத்தகம் ஃபிங்கோன் என்கிறது. டோல்கீனின் பிற்காலக் குறிப்போ ஒரோட்ரெத் என்கிறது. அப்படியானால் பெயரை மட்டும் மாற்றிவிடலாமே? முடியாது. அச்சான புத்தகத்தில் ஒரோட்ரெத்தும் ஆங்ரோடும் சகோதரர்கள். அந்தக் குறிப்பிலோ ஒரோட்ரெத் ஆங்ரோடின் மகன்! புது டிராயிங்கிலிருந்து ஒரு தூணை மட்டும் பிடுங்கிப் பழைய டிராயிங்கில் நட்டால் பீம் எங்கே உட்காரும், சொல்லுங்கள்.

சரி, அச்சானதை மட்டும் நம்பலாமா? 1937-இல் வந்த 'ஹாபிட்' கதையில், கோலம் தன் மோதிரத்தையே பந்தயப் பரிசாக வைக்கிறான். 1951 பதிப்பில் அது கிடையாது. தோற்றால் வெளியே போக வழி காட்டுவதாக மட்டும் ஒப்புக்கொள்கிறான். இரண்டும் ஆசிரியர் அச்சிட்டதுதான். ஆனால் பழையதை அவர் குப்பையில் போடவில்லை. அது கதாநாயகன் பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே அதற்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டார்.

எனவே "எது கடைசி?" என்ற ஒரே கேள்வி போதாது. யார் எழுதியது, எப்போது, எதற்காக, முடித்துக் கையெழுத்துப் போட்டதா, யோசனையாகக் கிறுக்கியதா என்று எல்லாம் கேட்கவேண்டும். சைட்டில் ரிவிஷன் நம்பரும் அப்ரூவல் கையெழுத்தும் பார்க்காமல் கான்கிரீட் போடுவோமா? அங்கே தப்பினால் அடியில் ஆள் நிற்பாங்க.

இந்த வழக்கில் நான் மிகவும் மதிப்பது கிறிஸ்டோபரைத்தான். ஃபிங்கோன் என்று போட்டது சரியில்லை, அப்பா பெயரைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று 1996-இல் அவரே எழுதினார். தான் தொகுத்த புத்தகத்தைக் கேள்வி கேட்பதற்கான ஆதாரத்தையும் வாசகன் கையில் அவரே கொடுத்தார். 2020-இல் அவர் மறைந்தார். ரசிகர்கள் இன்றைக்கும் வாதாட முடிகிறதென்றால் அது அவர் திறந்துவைத்த பெட்டி.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் ரிப்போர்ட் எழுதுவீர்கள். முடிவை மட்டும் எழுதாதீர்கள்; எதை வைத்து முடிவெடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பின்னால் வருகிறவன் உங்களைத் திருத்த ஒரு வழி வேண்டும்.