லத்திக் காளானும் டிக்-டிக் மானும்

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

எறும்பிடம் சுறுசுறுப்பையும் தேனீயிடம் ஒற்றுமையையும் கற்கச் சொல்வது பட்டமளிப்பு மேடையின் வழக்கம். உயிரியல் படித்த உங்களிடம் அது எடுபடாது. ஆகவே இன்று ஒரு மான், ஒரு காளான்.

ஆப்பிரிக்க முட்புதர்களில் வாழும் டிக்-டிக், முயலைவிடச் சற்றே பெரிய இரலை. எடை 5 கிலோ அளவில்தான். ஆணும் பெண்ணும் எப்போதும் ஜோடி. 1997-இல் வெளியான நமீபிய ஆய்வொன்றில் குட்டிகளின் மரபணுவைச் சோதித்தபோது, வேற்று ஆணுக்குப் பிறந்த குட்டி ஒன்றுகூட அகப்படவில்லை. உடனே ஏகபத்தினி விரதன் என்று கைதட்டிவிடாதீர்கள்! குட்டி வளர்ப்பில் அந்தத் தகப்பன் துரும்பையும் அசைப்பதில்லை. பெண் புழுக்கை போட்ட இடத்தை மோந்து, மண்ணைக் கிளறி மூடி, அதன்மேல் தானும் போட்டுவைக்கும். அவள் பருவத்துக்கு வந்த செய்தி அயலான் மூக்குக்கு எட்டக்கூடாது. காதல் அல்ல, காவல்.

குதிரை லத்தியில் முளைக்கும் கோப்ரினாப்சிஸ் சினிரியா என்ற காளானோ நேர் எதிர். குடை விரிந்த சில மணி நேரத்திலேயே தன்னைத்தானே செரித்துக் கறுப்பு மையாக வழிந்துவிடும். அதற்கு ஆண், பெண் என்ற இரண்டு கிடையாது; இணைசேரும் வகைகள் ஏறத்தாழ 12,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தன் வகையிலிருந்து முற்றிலும் வேறுபட்ட இழைதான் துணையாகும். ஒரே குடையில் பிறந்த உடன்பிறப்புகளில் நான்கில் ஒன்றுதான் பொருந்தும். அந்நியர் என்றால் அநேகமாக யாரும் பொருந்துவார்கள். புல்லில் ஒட்டி, குதிரை வயிற்றுக்குள் புகுந்து, எந்த லத்தியில் விழுவோம் என்றே அறியாத வித்துக்குத் துணை தேடி அலையக் கால் ஏது? சந்தித்தவரோடு சேர முடிந்தால்தான் பிழைப்பு.

ஒரே வேலையில் நிலைத்திருக்கச் சொல்லும் அப்பா டிக்-டிக்கைச் சாட்சிக்கு அழைத்தாலும், ஆண்டுக்கொரு கம்பெனி மாறும் மகள் காளானை அழைத்தாலும் வழக்கு தள்ளுபடி. அவை தம் பாட்டைப் பார்க்கின்றன. நமக்கு உபதேசம் செய்ய அவற்றுக்கு நேரமில்லை.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேலை. கொஞ்சம் ஆட்டுப் புழுக்கையை ஈரத்தோடு கண்ணாடி மூடிக்குள் வையுங்கள். முதலில் மயிர்போல் பூசணம் எழும், பிறகு சிறு கிண்ணப் பூஞ்சைகள், கடைசியில் காளான். இரண்டு மூன்று வாரம் ஆகலாம். சமையலறையில் மட்டும் வைக்காதீர்கள். வைத்தால் விழும் திட்டிலிருந்து இந்தப் பட்டம் உங்களைக் காப்பாற்றாது.