குணமா, கையிருப்பா?

தள்ளுவண்டி வியாபாரி, சித்தாள், ரிக்‌ஷாக்காரர் ஆகியோரின் வறுமைக்கு அவர்களுடைய குணத்தையே காரணம் காட்டுவது பழைய வழக்கம். சேமிக்கத் தெரியாது, குடித்தே அழிப்பார்கள், நாளைய நினைப்பே கிடையாது என்பார்கள். இன்று பட்டம் பெறுவோரில் பலர் நாளை இவர்களுடைய கடன் விண்ணப்பங்களைப் புரட்டப்போகிறவர்கள் என்பதால், இந்தப் பேச்சு எவ்வளவு செல்லும் என்பது முக்கியம்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. கரும்புக்காரருக்குப் பெரும்பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான். கரும்பு வெட்டுக்கு முன் 78 சதவீதத்தினர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 சதவீதத்தினர். அறிவையும் கவனத்தையும் சோதிக்கும் புதிர்களில் வெட்டுக்கு முன் தடுமாறிய அதே ஆள், பணம் வந்தபின் தேறினார். ஆலைகள் ஆளுக்கொரு நாளில் வெட்டு முறை தருவதால் பருவத்தின் மேலும் பழி போட முடியவில்லை.

விவசாயிக்கு நிலமாவது உண்டு. ஒடிசாவில் இலைத்தட்டு தைத்து, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குவோரில் ஒரு பகுதியினருக்குக் கூலியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்துப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். தட்டுக்கான கூலி மாறவில்லை. வாங்கிய கையோடு கடனை அடைத்து, வீட்டுச் சாமானும் வாங்கினார்கள். அதன்பின் வேலை 7 சதவீதம் கூடியது. தையலில் பிழையும் குறைந்தது.

குடி பற்றிய புகார் முழுப் பொய்யல்ல. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், குடிக்காமல் வரும் சென்னை சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களுக்குப் பணம் தரப்பட்டது. அவர்களது சேமிப்பு 50 சதவீதம் உயர்ந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர், சும்மா கிடைக்கும் கூடுதல் பணத்தை விட்டுவிட்டு, குடிக்காதிருந்தால் மட்டுமே கிடைக்கும் தொகையைத் தேர்ந்தெடுத்தார்கள். பொறுப்பற்றவர் இப்படித் தன் கையைத் தானே கட்டிக்கொள்வதில்லை.

பணம் வந்தால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. இன்னொரு ஆய்வில், கோயம்பேட்டுக் காய்கறி வியாபாரிகள் சிலரின் தண்டல் கடனை ஆய்வாளர்களே அடைத்தார்கள். நாளுக்கு 5 சதவீத வட்டி: காலையில் 1,000 ரூபாய் வாங்கினால் இரவில் 1,050 கொடுக்க வேண்டும், 20 நாளில் வட்டியே முதலை எட்டிவிடும். அதிலிருந்து விடுபட்டும் ஒவ்வொருவராகத் தண்டலுக்கே திரும்பினார்கள். ஓரிரு ஆண்டில், கடன் அடைபடாத வியாபாரிகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை. மருத்துவ விடுப்பும் வருங்கால வைப்புநிதியும் இல்லாத தொழிலில், ஒருநாள் காய்ச்சலில் படுத்தாலே மறுநாள் சரக்கெடுக்கக் கையில் முதல் இருக்காது. தண்டல்காரர் சந்தை வாசலிலேயே நிற்பார்.