கடல் கொண்ட வீடும் பிள்ளைகளின் கல்வியும்
(திருவிழாவையொட்டி நிகழ்ந்த சிறப்புச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், மார்கழி மாதப் பௌர்ணமி. ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராத் தீவின் வடமேற்கே கடலடியில் நிலம் அதிர, அதனால் எழுந்த ஆழிப்பேரலை முதலில் அச்சே மாநிலத்தை அழித்தது. அன்று காலையிலேயே தமிழ்நாட்டின் நாகப்பட்டினக் கரையில் ஏறியது. பிற்பகலில் பினாங்கு, கெடா கரைகளையும் தாக்கியது. மலேசியாவில் மாண்டவர் 68 பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000க்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தவர்.

இப்பேரிடர் குறித்த செய்திகளையும் படங்களையும் இந்நாட்டுத் தமிழர் நன்கு அறிவர். அன்று அரிசியும் ஆடையும் பணமும் தாராளமாகவே திரண்டன. ஆயினும் வீடும் பெற்றோரும் இழந்த ஒரு பிள்ளையை எங்கே வைப்பது, யாரிடம் வைப்பது, எவ்வாறு படிக்க வைப்பது என்ற வினாவுக்கு அரிசி மூட்டையால் விடை கூற இயலவில்லை.

நாகையில் முதலில் தோன்றிய இடர்ப்பாடே இதற்குச் சான்றாகும். வீடிழந்தோர் தங்குவதற்கு உடனே கிடைத்த கட்டடங்கள் பள்ளிக்கூடங்களும் திருமண மண்டபங்களுமே. பள்ளி முகாமாகிவிட்டால் பாடம் நடப்பது எங்ஙனம்? குடும்பங்களுக்குத் தற்காலிகக் குடியிருப்பு எழுந்தால்தான் வகுப்பறை பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆகவே உறைவிடமும் கல்வியும் இருவேறு அறங்களாகத் தோன்றினும், ஒன்று தாமதித்தால் மற்றதும் தாமதிக்கும். பொதுத்தேர்வுக்கோ மூன்று மாதங்கள்கூட இல்லை. புத்தகமும் சீருடையும் சான்றிதழும் கடலோடு போயின. பாடநூல்களை மீண்டும் வழங்குவதும், போன சான்றிதழ்களுக்கு மறுபடி எடுத்துத் தருவதும் சிறு செயல்கள்போல் தோன்றலாம். தந்தையை இழந்த பத்தாம் வகுப்பு மாணவனுக்கு அத்தாள்தான் எஞ்சிய சொத்து.

இனி, ஆதரவற்ற பிள்ளைகளைத் தேடி வந்தோரைப் பற்றிக் கூறவேண்டும். தத்தெடுக்க விரும்பியோர் பலர். அழைத்துச் சென்று வளர்ப்பதாகக் கூறிய அமைப்புகளும் பல. பெரும்பாலோர் நல்லெண்ணம் உடையவர்களே. ஆனால் பேரலை அடித்த மறுவாரத்தில் ஒரு பிள்ளை அநாதை என்று எவரால் உறுதி கூற முடியும்? தாய் வேறொரு மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கலாம். பாட்டி வேறொரு முகாமில் தேடிக்கொண்டிருக்கலாம். கூட்டத்தோடு கூட்டமாகப் பிள்ளைகளைக் கடத்துவோர் நுழைவரோ என்ற அச்சமும் இருந்தது. எனவே தமிழ்நாட்டு அரசு தத்துக் கொடுப்பதில் அவசரம் காட்டாமல், நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி ஆகிய இடங்களில் தானே இல்லங்களை அமைத்தது. இந்தோனேசிய அரசோ, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரின்றி அச்சே மாநிலத்தை விட்டு வெளியேறக் கூடாதெனத் தடை விதித்தது. இவை கடுமையான முடிவுகள் என்று அந்நாளில் குறை கூறியவரும் உண்டு. அவை சரியான முடிவுகளே.

அச்சேயில் அடுத்து நிகழ்ந்தது ஆழ்ந்து எண்ணத்தக்கது. அங்கே உலகெங்குமிருந்து வந்த நன்கொடையால் புதிய பிள்ளை இல்லங்கள் எழுந்தன. 2006இல் அவற்றை ஆராய்ந்தபோது, பேரலைக்குப் பின் அங்குச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தது தெரியவந்தது. ஏன் சேர்த்தனர்? இல்லத்தில் விட்டால் பிள்ளை படிக்கும் என்பதே ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் கூறிய காரணம். அன்பு வற்றியதால் எவரும் பிள்ளையை அனுப்பவில்லை. பள்ளிக்கட்டணமும் சோறும் இல்லத்தின் வாசலில் மட்டுமே கிடைத்தன; ஆதலால் பிள்ளை வீட்டை விட்டு அவ்வாசலுக்குச் சென்றது. அதே பணம் தாயின் கையில் சேர்ந்திருப்பின், பேரலை பிரிக்காத குடும்பத்தை நன்கொடை பிரித்திராது.

நாகைக் கடற்கரைக் குப்பங்களிலும் இதன் சாயல் உண்டு. ஆடவர் சிலர் நடுக்கடலில் இருந்தமையால் பிழைத்தனர். ஆழ்கடலில் அலை உயரமாகத் தெரிவதில்லை. கரையில் மீனுக்குக் காத்திருந்த பெண்களும் வீட்டிலிருந்த குழந்தைகளும் மிகுதியாக மாண்டனர். எஞ்சிய தந்தை இரவில் கடலுக்குச் செல்ல வேண்டியவர். அவர் சென்றபின் பிள்ளைக்குச் சோறிடுவது யார்? அத்தகைய பிள்ளைக்குத் தந்தை உண்டு, வீடு இல்லை. அதற்கு வேண்டியது ஓர் அத்தையோ பாட்டியோ; அவருக்கு மாதந்தோறும் சிறு உதவி; நடந்து செல்லும் தொலைவில் ஒரு பள்ளி.

ஜப்பானியர் இதனைத் தெளிவாகச் செய்து காட்டினர். 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கோபே நகரை நிலநடுக்கம் சிதைத்தது. 6,400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோர் இருவரையோ ஒருவரையோ இழந்த பிள்ளைகள் 573 பேர். பெற்றோரை இழந்த மாணவருக்கு உதவித்தொகை வழங்கிவந்த அஷினாகா என்னும் அறநிறுவனத்தார், இடிபாடுகளுக்கிடையே வீடு வீடாகச் சென்று அப்பிள்ளைகளைத் தேடிக் கணக்கெடுத்தனர். தந்தையையும் தங்கையையும் இழந்த சிறுவன் ஒருவன் அவர்கள் நடத்திய முகாமில் வானவில் ஒன்று வரைந்தான். அதற்கு அவன் பூசிய நிறம் கருப்பு. அந்தப் படத்தைக் கண்டபின்னரே, உதவித்தொகை மட்டும் போதாது என உணர்ந்து, 1999இல் கோபேயில் வானவில் இல்லம் ஒன்றை எழுப்பினர். பிள்ளைகள் உறவினருடனேயே வாழ்ந்தனர். இங்கே வந்து விளையாடினர், அழுதனர், தம்மைப் போன்ற பிறரோடு பேசினர். 2011 மார்ச் 11இல் வடகிழக்கு ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கியபோது, பெற்றோர் இருவரையும் இழந்த 240க்கும் மேற்பட்ட பிள்ளைகளுள் பெரும்பாலோரை உறவினரே ஏற்றனர். உறவினருக்கு அரசின் வளர்ப்புத்தொகை துணையாயிற்று.

அவ்வாறாயின் இல்லங்களே வேண்டாவா எனின், வேண்டும். உறவென்று சொல்ல ஒருவருமில்லாத பிள்ளையும் உண்டு. அப்பிள்ளைக்குக் கட்டடத்தைவிட அரிதாகத் தேவைப்படுவது, விட்டுச் செல்லாத ஒரு மனிதர். இந்நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. போரின் துயர் ஆறாத நாட்டில் சுவாமி சத்தியானந்தர் 1950இல் கோலாலம்பூரில் தொடங்கிய சுத்த சமாஜத்தில், அன்னை மங்களம் இளமையில் அடியெடுத்து வைத்து, 2023இல் தம் 97ஆம் வயதில் மறையும்வரை பிள்ளைகளோடு இருந்தார். எழுபது ஆண்டுக்கால இருப்பை எந்த நன்கொடைச் சீட்டிலும் எழுதிவிட முடியாது.

நன்கொடையாளரின் இயல்பு வேறு. பேரிடர் நடந்த மாதம் கை திறக்கிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்கத்தக்க கட்டடத்திற்கு இன்னும் விரிவாகத் திறக்கிறது. ஐந்தாம் ஆண்டின் பேருந்துக் கட்டணத்துக்கும், எட்டாம் ஆண்டின் கணக்குப் பாட வகுப்புக்கும், கல்லூரி விடுதிக்கும் எவரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை. ஓர் ஆலயக் குழு ஒரே ஒரு பிள்ளையைப் பெயர் சுட்டாது ஏற்று, அதன் உறவினர் வழியே பதினைந்து ஆண்டுகளுக்கு மாதத்தொகை அனுப்ப முன்வருமாயின், திருவிழாக் கணக்கில் அது சிறு வரியாகவே இருக்கும். ஆண்டுதோறும் அவ்வரி மறவாமல் எழுதப்படவேண்டும் என்பதே அதன் கடினம்.

தமிழ்நாட்டு அரசு பெற்றோர் இருவரையும் இழந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஐந்து இலட்சம் ரூபாயை வைப்புத்தொகையாக இட்டது. 2004இல் பன்னிரண்டு வயதான சிறுவன் 2010இல் பதினெட்டை எட்டினான். கைக்குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைக்கோ அவ்வயது 2022இல்தான் நிறைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் முகாம்கள் கலைந்தன. தொண்டு அமைப்புகளின் வாகனங்கள் வேறு பேரிடர்களுக்குச் சென்றன. பேரலைக்குப் பின் நாகை மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பேற்ற திரு ஜெ. இராதாகிருஷ்ணன், அங்குள்ள அன்னை சத்யா அரசு இல்லத்துக் குழந்தைகளைத் தம் துணைவியாருடன் அடிக்கடி சென்று பார்த்து வந்தார். பதவி மாறி வேற்றூர் சென்ற பின்னரும் அவர்களோடு தொடர்பை விடவில்லை. அவ்வில்லத்தில் வளர்ந்த பெண்ணொருத்திக்கு 2022இல் நாகையில் திருமணம் நிகழ்ந்தபோது, மாநிலச் சுகாதாரத்துறைச் செயலாளராக இருந்த அவர் நேரில் வந்து, தந்தையின் இடத்தில் நின்று அதனை நடத்தி வைத்தார்.