துருவுக்குப் போடும் மருந்து அழுத்தத்தைக் குறைக்குமா?

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில், இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம், பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்றார் நம் செயலாளர். நான் பம்பு, கம்ப்ரசர் என்று திரிகிற ஆள். இன்றைக்கும் ஒரு பம்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் தள்ளும். ஷட்-டவுன் கிடையாது. கடையில் ஸ்பேர் கிடையாது. அதுதான் நம் இருதயம்.

எங்கள் ஆலையில் 26 வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான். நல்ல உழைப்பாளி. ஜிம்முக்குப் போய் உடம்பைத் தேற்றியவன், யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு ஊசியில் இறங்கிவிட்டான். டீ வேளையில் என்னிடம் சொன்னான்: "சார், நான் விவரமாத்தான் போடறேன். கூடவே வைட்டமின் ஈ, வைட்டமின் சி மாத்திரையும் எடுத்துக்கறேன். ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது." அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

முதலில் ஒரு விளக்கம். ஆஸ்துமாவுக்கு டாக்டர் தரும் ஸ்டீராய்டு வேறு. நான் சொல்வது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும், நாண்ட்ரலோன், ஸ்டானசோலால் போன்ற அதன் உறவுக்கார மருந்துகளும். தசையை வளர்ப்பவை இவைதான்.

இவை இருதயத்தை ஒரு வழியில் அல்ல, பல வழிகளில் தாக்குகின்றன. உடம்பில் உப்பும் தண்ணீரும் தங்கி இரத்த அழுத்தம் ஏறலாம். சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் கெட்டியாகும். தண்ணீருக்குப் போட்ட பம்பில் எண்ணெய் இறைக்கிற கதை. இருதயச் சுவர் தடித்து விறைக்கும். எச்.டி.எல். என்கிற நல்ல கொலஸ்டிரால் சரியும். 1989-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எடை தூக்குபவர்கள் தினம் 6 மில்லிகிராம் ஸ்டானசோலால் மாத்திரையை ஆறே வாரம் சாப்பிட்டபோது எச்.டி.எல். 33 சதவீதம் இறங்கியது. கெட்ட கொலஸ்டிராலான எல்.டி.எல். 29 சதவீதம் ஏறியது.

இனி ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் கதை. எல்.டி.எல். கொழுப்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும்போதுதான் இரத்தக் குழாய்ச் சுவரில் படிவு வளர்கிறது என்று 1980-களில் ஒரு கருத்து வலுப்பட்டது. இரும்பு துருப்பிடிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் துருவைத் தடுக்கும் வைட்டமின் ஈ-யைக் கொடுத்தால் போச்சு! 1993-ல் வந்த இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகளும் வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இருதய நோய் குறைவு என்றன. ஆனால் அவை கவனித்து எழுதியவை. சோதித்துப் பார்த்தவை அல்ல. மாத்திரையைத் தேடி வாங்குகிறவர் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பேணுகிறவராக இருப்பாரே?

சோதித்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் 20,536 பேருக்கு ஐந்து வருஷம். பாதிப் பேருக்குத் தினமும் 600 மில்லிகிராம் வைட்டமின் ஈ, 250 மில்லிகிராம் வைட்டமின் சி, 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 2002-ல் முடிவு வந்தது. மாரடைப்பிலும் சரி, பக்கவாதத்திலும் சரி, வித்தியாசமே இல்லை. அதே ஆய்வில் கொலஸ்டிராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் மருந்து, இத்தகைய ஆபத்துகளைச் சுமார் கால் பங்கு குறைத்தது. அதாவது, பலன் தரும் மருந்தைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அந்த ஆய்வு கூர்மையாகத்தான் இருந்தது.

"பலன் இல்லாட்டி போகுது, கெடுதல் இல்லையே" என்பீர்கள். அதுவும் நிச்சயமில்லை. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், இருதய நோயாளிகள் 160 பேரில் சிலருக்கு சிம்வாஸ்டாடினும் நியாசினும் கொடுத்து எச்.டி.எல்.-ஐ உயர்த்தினார்கள். அதோடு ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்டும் சேர்த்தவர்களுக்கு அந்த உயர்வு மட்டுப்பட்டது. ஸ்டீராய்டு எதை இறக்குகிறதோ, அதே எச்.டி.எல்.! 2009-ல் ஜெர்மனியில் வந்த ஆய்வில், தினம் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் சாப்பிட்டு உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, இன்சுலின் நன்றாக வேலை செய்யும் என்கிற பயிற்சியின் பலனே கிடைக்காமல் போனது. 35,000 ஆண்களுக்கு மேல் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு ஒன்று, வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-ல் சொன்னது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகள் ஸ்டீராய்டு போடுகிறவர்கள் மேல் நடந்தவை அல்ல. ஆனாலும் என்ஜினீயராக யோசியுங்கள். பாய்லரில் அழுத்தம் எல்லை தாண்டி ஓடுகிறது; நீங்கள் துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் கெமிக்கல் சேர்க்கிறீர்கள். அந்தக் கெமிக்கல் நல்ல சரக்காகவே இருக்கட்டும். அழுத்தம் குறையுமா? அழுத்தம், கெட்டியான இரத்தம், தடித்த சுவர் - இந்த மூன்றுக்கும் வைட்டமின் மாத்திரையில் பதில் இல்லை. அதைவிட, "நான்தான் பாதுகாப்பு பண்ணிட்டேனே" என்று இன்னொரு சைக்கிள் போடத் தைரியம் தருகிறதே, அதுதான் பெரிய கெடுதல்.

ஸ்டீராய்டு நேரடியாக என்ன செய்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், எடைப்பயிற்சி செய்யும் 140 ஆண்களின் இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். ஒரு துடிப்பில் இருதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, ஸ்டீராய்டு தொடாதவர்களுக்குச் சராசரி 63 சதவீதம், அப்போது போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 49, நிறுத்தியிருந்தவர்களுக்கு 58. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். நிறுத்தினால் பம்பு ஓரளவு தேறுகிறது. ஆனால் விறைப்பு முழுதாகப் போகவில்லை. குழாயில் படிந்த படிவும், எத்தனை வருஷம் போட்டார்களோ அதற்கேற்ப அதிகமாக இருந்தது.

எங்கள் தம்பியை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அழுத்தம் அதிகம், நல்ல கொலஸ்டிரால் மிகக் குறைவு. நிறுத்தினான், டாக்டர் மேற்பார்வையில்தான். ஏனென்றால் சட்டென்று விட்டால், உடம்பின் சொந்த ஹார்மோன் திரும்பும் வரை சோர்வும் மனத்தளர்ச்சியும் வரலாம். நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. "சார், கை இளைச்சிடுச்சு" என்று இன்னும் வருத்தப்படுகிறான். அந்த வருத்தத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கிற 20 வயதுப் பையனுக்கு அது பெரிய விஷயம்தான்.

மாணவத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். போடாதவர்கள் போடாமலே இருங்கள். போடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், ஹீமோகுளோபின், எக்கோ பார்த்துவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ தள்ளிப் போடாதீர்கள். முன்னாள் மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு பையன் இதைப் பற்றி வாய் திறந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அவன் போடுவதை நிறுத்த மாட்டான், சொல்வதைத்தான் நிறுத்துவான்.