நல்லா இருக்கிற நாய்க்கு எதுக்கு ஸ்கேன்?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"எலெக்ட்ரானிக்ஸ் படிச்சிட்டு நாய்க்கு ஸ்கேன் எடுக்கிறியாமே?" என்று வாசலிலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஸ்கேன் எடுப்பவர் கால்நடை மருத்துவர். மெஷினுக்குள் இருக்கும் சிக்னல்தான் என் வேலை. அளவு சரியாக வருகிறதா என்று பார்க்க அவர் பக்கத்தில் நிற்பேன். அப்படிப் பார்த்ததில் பாதி, எந்த நோயும் இல்லாத நாய்கள். நல்லா இருக்கிற நாய்க்கு எதுக்குப்பா ஸ்கேன் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

டாப்ளர் விளைவு நமக்கெல்லாம் ரயில் விசில் உதாரணத்தோடு முடிந்துபோன பாடம். 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் அதை எழுதியது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி. 1961-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஃப்ராங்க்ளின், ஷ்லெகல், ரஷ்மர் மூவரும் அதைக் கொண்டு ரத்த ஓட்டத்தை அளந்து கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் வேலை செய்ததும் நாய்களை வைத்துத்தான். ஆக, உறவு பழசு.

5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை உடலுக்குள் அனுப்புகிறோம். ரத்தச் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பி வருகிறது. ரத்தம் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நேராக நம்மை நோக்கி வந்தால், அதிர்வெண் சுமார் 6.5 கிலோஹெர்ட்ஸ் மாறும். இது நம் காதுக்கே கேட்கும் அளவு! அதனால்தான் ஸ்பீக்கரில் அந்த 'வ்ஷ்ஷ்... வ்ஷ்ஷ்' சத்தம்.

வில்லங்கம் காஸ் தீட்டாவில் இருக்கிறது. ஒலி போகும் திசைக்கும் ரத்தம் ஓடும் திசைக்கும் இடையே உள்ள கோணம் அது. 60 டிகிரி என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டு உண்மையில் 65 ஆக இருந்தால், வேகம் 15 சதவீதம் குறைவாகக் காட்டும். இதயத்தில் ரத்தத்துக்கு நேர்கோட்டில் ப்ரோபைப் பிடிக்கப் பார்ப்பார்கள். அங்கே 20 டிகிரி விலகினால்கூட 6 சதவீதம்தான் போகும். நாயின் மகாதமனியை அளக்க, மார்பின் இடப்பக்கத்தைவிட விலா எலும்புக்குக் கீழே வயிற்றுப் பக்கமிருந்து பார்த்தால் கோணம் நன்றாக அமையும். ஒரே நாய், ஒரே இதயம். இரண்டு இடத்தில் இரண்டு எண். பெரிய எண்ணைத்தான் நம்ப வேண்டும். கோணம் தப்பினால் வேகம் குறையுமே தவிர, கூடாது பாருங்க.

நாயும் சும்மா இருக்காது. பயந்தால் வேகம் ஏறும். மூச்சோடு சேர்ந்து துடிப்பு முன்னே பின்னே போவது ஆரோக்கியமான நாய்க்குச் சகஜம். ஆகவே ஒரு துடிப்பை மட்டும் அளந்து எழுதக் கூடாது. சில துடிப்புகளின் சராசரி வேண்டும். (சிறுநீரகத்தில் இந்தத் தலைவலி குறைவு. அங்கே உச்ச வேகத்துக்கும் கடைசி வேகத்துக்கும் விகிதம் பார்க்கிறார்கள். கோணம் அடிபட்டுப் போய்விடும்.)

பெரும்பாலான ஆரோக்கியமான நாய்களில் மகாதமனி வேகம் விநாடிக்கு 2 மீட்டருக்குள். தாண்டினால் அங்கே குறுகல் இருக்குமோ என்று சந்தேகம் வரும். ஆனால் நோயில்லாத பாக்ஸர் பல, அந்த 2-ஐச் சாதாரணமாகத் தாண்டும். கிரேஹவுண்டுக்கும் மற்ற நாய்களைவிட வேகம் அதிகம். இனம் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால், நல்ல நாய் நோயாளியாகிவிடும். ஓடக்கூடாது, குட்டி போடக்கூடாது, வருஷக்கணக்கில் மாத்திரை. வீட்டில் குழந்தைகள் அழும். கோணம் தப்பினாலோ கதை தலைகீழ்: நிஜமான நோயாளிக்கு 1.8 வந்து, "ஒண்ணுமில்லே" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நம்ம சிப்பிப்பாறையும் கன்னியும் கிரேஹவுண்ட் மாதிரி ஓட்டத்துக்கென்றே வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். அவற்றை லாப்ரடாரின் அட்டவணையை வைத்து எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் இறுதியாண்டுத் தம்பி தங்கைகளே, ஒரு கால்நடை மருத்துவரைக் கூட சேர்த்துக்கொண்டு ஐம்பது ஆரோக்கியமான சிப்பிப்பாறைகளை அளந்து வாருங்கள். வயது, எடை, துடிப்பு, கோணம், ப்ரோப் வைத்த இடம் எல்லாம் குறித்திருக்க வேண்டும். வளர்ப்பவரிடம் சம்மதம் எழுதி வாங்குங்க. கொஞ்சம் முடி மழிக்க வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லாவிட்டால் சண்டை வரும். சிக்னல் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன்.