முதலில் அத்திவாரம்



ஓர் அலுவலகத்தின் கணக்குகளும் கடிதங்களும் இன்று கணினியின் வன்தட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அத்தட்டோ என்றேனும் ஒரு நாள் பழுதடைந்தே தீரும். அன்று அலுவலகமும் முடங்கவேண்டுமா?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி காற்ஸ் ஆகிய மூவரும் 1988 ஆம் ஆண்டில் இதற்கொரு வழி காட்டினர். விலை மிகுந்த பெருந்தட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறு தட்டுகள் பலவற்றை இணைக்கலாம் என்றனர். தட்டுகள் பலவானால் பழுதும் பெருகுமன்றோ? ஆகவே, இழந்ததை மீட்பதற்கென்று சிறிது இடத்தை ஒதுக்கவேண்டும் என்றும் கூறினர். இவ்வமைப்புக்கு 'ரெயிட்' என்று பெயர். நாம் அதனைத் தட்டணி என்போம்.

மீட்பது எவ்வாறு? 5, 7, 9 என்னும் எண்களை மூன்று தட்டுகளில் எழுதி, அவற்றின் கூட்டுத்தொகையாகிய 21ஐ நான்காவதில் எழுதுவதாகக் கொள்வோம். 7 அழிந்துபோனாலும் எஞ்சியவற்றைக் கொண்டு அதனைக் கணித்துவிடலாம். கணினி கையாளும் கணக்கு வேறாயினும் கருத்து இதுவே.

நான்கு டெராபைட் கொள்ளளவுடைய தட்டுகள் நான்கு நம்மிடம் இருப்பின், சுழிய முறையில் பதினாறும் நமக்கே. ஆனால் ஒரு தட்டுப் பழுதானால் எல்லாம் போய்விடும். ஐந்தாம் முறையில் பன்னிரண்டு கிடைக்கும். ஒரு தட்டின் இழப்பைத் தாங்கலாம். ஆறாம் முறையில் எட்டே கிடைக்கும். இரு தட்டுகளின் இழப்பையும் தாங்கலாம். பழுதான தட்டை மாற்றி, அதன் உள்ளடக்கத்தை மீளக் கட்டுவதற்குப் பல மணி நேரம் செல்லும். அதற்கிடையில் இன்னொரு தட்டும் பழுதாகக்கூடும் என்பதை எண்ணினால் ஆறாம் முறையின் அருமை விளங்கும்.

இத்தெரிவை இயக்க முறைமையை நிறுவுவதற்கு முன்னரே செய்துவிடவேண்டும். ஏனெனில், தட்டணியைப் புதிதாக அமைக்கும்போது அத்தட்டுகளில் முன்பிருந்தவை பொதுவாக அழிந்துபோகும். முறைமையை முதலில் நிறுவிப் பின்னர் அணியை அமைக்க முயல்வோர், செய்த வேலையையே மீண்டும் செய்ய நேரிடும். கட்டுப்பாட்டுக் கருவி உள்ள கணினியாயின், அதன் அமைப்புத் திரையிலே தட்டுகளையும் முறையையும் தெரிவுசெய்து அணியை உருவாக்கவேண்டும். அதன்பின் இயக்க முறைமைக்கு நான்கு தட்டுகளும் ஒரே தட்டாகத் தோன்றும். நிறுவும்போது தட்டு எதுவும் தென்படாவிட்டால் கலங்கவேண்டியதில்லை. பெரும்பாலும் அக்கருவிக்குரிய இயக்கி மென்பொருளை அவ்விடத்தில் ஏற்றினால் போதும்.

இறுதியாக ஒன்று. தவறுதலாக நாம் அழித்த கோப்பு அணி முழுவதிலும் அக்கணமே அழிந்துவிடும். தீ மூண்டாலோ நான்கு தட்டுகளும் ஒன்றாகவே எரியும். ஆதலால் வேறோர் இடத்திலே ஒரு பிரதியை வைத்திருப்பதும் இன்றியமையாதது. தட்டணி நம் வேலை தடைப்படாது காக்கும். இழந்துபோன ஆவணத்தைத் திருப்பித் தருவது அந்தப் பிரதியே.